சாவாளை எந்த ஆழத்து மீன்?

நாகப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகுகள் சரக்கு இறக்கும் நேரத்தில் போய் நின்றால், சாவாளையை யாரிடமும் அடையாளம் கேட்க வேண்டியதில்லை. மற்ற மீன்கள் கூடையில் குவிந்து கிடக்கும். இது மட்டும் நீளவாக்கில் அடுக்கி, பெட்டிக்கு வெளியே வால் தொங்க, பளபளவென்று கிடக்கும். கொஞ்சம் கவனித்தால் ஒரே படகிலிருந்து இரண்டு அளவில் சாவாளை இறங்குவது தெரியும். ஒரு பெட்டியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பொடிசு. இன்னொன்றில் உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு மீட்டர் நீளத்தைத் தொடுகிற பெரிய மீன். முதலாவது பெரும்பாலும் கருவாட்டுக்குப் போகும். இரண்டாவது ஐஸ் போட்டு ஏற்றுமதிக்குப் போகும். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

விற்கும்போது இரண்டுக்குமே ‘ஆழ்கடல் மீன்’ என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. அந்தப் பட்டம் பாதிதான் சரி. இந்த மீனைக் கடலின் ஏதோ ஓர் ஆழத்தில் குடிவைத்துவிட முடியாது. பகலில் ஓரிடம், ராத்திரி ஓரிடம். சின்ன வயதில் ஒரு நேரக்கணக்கு, வளர்ந்த பிறகு அதற்கு நேர் எதிரான நேரக்கணக்கு. எந்த வலைக்கு எந்த அளவு சாவாளை அகப்படுகிறது, ஏன் ஒரு நாள் பெட்டி பெட்டியாகவும் மறுநாள் பெயருக்கு நாலு மீனாகவும் வருகிறது என்பதற்கெல்லாம் விடை பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடலாம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வாளை என்றால் பலருக்கும் ஆற்றிலும் ஏரியிலும் பிடிபடும் மீசை வைத்த வாளைதான் நினைவுக்கு வரும். அது கெளுத்திக்குப் பங்காளியான நன்னீர் மீன். இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே பேசுவது கடல் வாளை. நாகை, காரைக்கால் பக்கம் சாவாளை. வேறு சில ஊர்களில் வாளை, ஓலைவாளை. அறிவியல் பெயர் டிரைகியூரஸ் லெப்டூரஸ்.

பனையோலைக் கீற்று போலத் தட்டையான, நீண்ட உடம்பு. செதில் கிடையாது. வயிற்றடித் துடுப்பு கிடையாது. வால் துடுப்புகூடக் கிடையாது. உடம்பு பின்னால் போகப் போக மெலிந்து நூலாக முடிந்துவிடும். முதுகுத் துடுப்பு மட்டும் தலைக்குப் பின்னால் தொடங்கி ஏறக்குறைய வால் நுனி வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடும். அதில் 130-க்கும் மேற்பட்ட கதிர்கள் இருக்கும். கீழ்த்தாடை மேல்தாடையை மீறி முன்னால் நீண்டிருக்கும். உலக அளவில் பதிவான அதிகபட்ச நீளம் 234 செ.மீ., எடை 5 கிலோ. நம் ஏலத்தில் அவ்வளவு பெரியதை எதிர்பார்க்க வேண்டாம். அரை மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் இடைப்பட்டதுதான் வழக்கமான சரக்கு.

இந்தக் கரையின் மீன்கள் அறிவியல் ஏடுகளுக்குள் போன கதை சுவாரசியமானது. நாகைக்கு வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷன் இருந்த காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இங்கே பிடிபட்ட மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் அவற்றுக்குப் படம் வரைவித்து, விவரம் எழுதி, பெயர் சூட்டினார். கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜோனியஸ் என்று அவர் வைத்த பெயர் தரங்கம்பாடி ஜானின் பெயர்தான். சாவாளைக்குப் பெயர் அதற்கு முன்பே, 1758-இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் கையால் கிடைத்துவிட்டது. ஆனால் இந்தியக் கடல் வாளைகளை இனம் இனமாகப் பிரித்து, அவற்றின் உணவு, வளர்ச்சி, இனப்பெருக்கம் எல்லாவற்றையும் விரிவாக எழுதியது மீன் ஆய்வாளர் பி.எஸ்.பி.ஆர். ஜேம்ஸ்; 1967-இல் வந்த அந்த ஆய்வைத்தான் இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர் ஆய்வு செய்த இனங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். கூடையில் ‘வாளை’ என்று கிடப்பதெல்லாம் ஒரே மீன் இல்லை. லெப்டூராகேந்தஸ் சவாலா என்று ஓர் இனம் உண்டு. தலை சிறியது, கண்ணும் சிறியது, கரையோர ஆழம் குறைந்த நீரில் அதிகம் காணப்படுவது. யூப்ளூரோகிராமஸ் என்ற இன்னொரு பேரினத்து மீன்களுக்கு வயிற்றடித் துடுப்பு இருந்த இடத்தில் செதில் மாதிரி ஒரு சின்ன மிச்சம் இருக்கும்; அவையும் ஆழம் குறைந்த நீரை விரும்புகிறவை. நம் பெரிய சாவாளைக்கு மட்டும் கண் அகலம். ஆழத்தில், மங்கல் வெளிச்சத்தில் இரை தேடும் மீனுக்கு அந்தக் கண் தேவைப்படுகிறது. மீன் வாங்கும்போது முதலில் கண்ணைப் பார்ப்பது நல்ல பழக்கம்தான்; புதிதா பழையதா என்று மட்டுமில்லை, எந்தக் கடல் மீன் என்றும் அது ஓரளவு சொல்லிவிடும். (இதிலும் ஒரு வழக்கு முடியாமல் இருக்கிறது. உலகத்தின் வெப்பக் கடல்கள் முழுவதும் இருப்பது ஒரே லெப்டூரஸ்தானா, அட்லாண்டிக்கில் ஒன்றும் இந்தியப் பெருங்கடலில் இன்னொன்றுமா என்று மரபணு ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். குழம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது.)

இனி கடலுக்கு வருவோம். காவிரி டெல்டாவின் கடற்கரை ஒரு மூலை. பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகை, வேளாங்கண்ணி என்று வடக்கிலிருந்து தெற்காக வரும் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்காகத் திரும்பிவிடுகிறது. திரும்பிய பிறகு இருப்பது பாக் விரிகுடா. அங்கே சராசரி ஆழம் பத்து மீட்டரைச் சுற்றித்தான். அதிராம்பட்டினத்திலிருந்தோ மல்லிப்பட்டினத்திலிருந்தோ கிளம்புகிற படகு எவ்வளவு தூரம் போனாலும் ஆழம் என்று ஒன்று வராது. ஆனால் நாகையிலிருந்து நேர் கிழக்கே போனால் கதை வேறு. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஆழம் குறைந்த மேடையான கண்டத்திட்டு இங்கே குறுகலானது. கரையோரத்திலிருந்து மெல்லச் சரிந்துகொண்டே போகும் கடலடி, சில பத்துக் கிலோமீட்டரில் திட்டின் விளிம்பை எட்டி, அங்கிருந்து கண்டச் சரிவில் விழுகிறது. அதற்கப்பால் வங்காள விரிகுடாவின் மூவாயிரம் மீட்டர் ஆழம். ஒரே மாவட்டத்துக்குள் குளம் போன்ற கடலும் இருக்கிறது, பாதாளமும் இருக்கிறது.

சாவாளை இந்த இரண்டையும் பயன்படுத்துகிறது. சேற்றுத் தரையுள்ள கரையோரத்திலும் அது வரும். சில சமயம் முகத்துவாரத்துக்குள்ளேயே நுழைந்துவிடும். மறுபக்கம் 500 மீட்டரைத் தாண்டிய ஆழத்திலும் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் இருக்கும் ஆழம் 100 முதல் 350 மீட்டர் என்பார்கள். அதாவது திட்டின் விளிம்பும் சரிவின் மேல்பகுதியும். இப்படி ஓர் எண்ணைச் சொன்னதும் நமக்கு மனதில் ஒரு அடுக்கு தோன்றிவிடுகிறது. மேலே மத்தி, நடுவில் சாவாளை, அடியில் இறால் என்று மாடி வீடு மாதிரி. கடல் அப்படி இல்லை.

கடலில் ஒவ்வொரு நாளும் ஒரு பெரிய இடப்பெயர்ச்சி நடக்கிறது. பொழுது சாய்ந்ததும் கிரில், கூனி போன்ற மிதவை உயிரிகளும், மிக்டோஃபிட் என்ற விரல் நீள ஒளிமீன்களும் ஆழத்திலிருந்து மேலே ஏறி வருகின்றன. இருட்டில் மேல்நீரில் மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் கீழே இறங்கிவிடுகின்றன. வெளிச்சத்தில் மேலே இருந்தால் பெரிய மீன்களின் கண்ணில் படும். இருட்டில் அந்த பயம் குறைவு. எடையைக் கணக்கிட்டால் உலகத்தில் எந்த உயிரினக் கூட்டமும் இவ்வளவு பெரிய இடப்பெயர்ச்சியைச் செய்வதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிய ஒலிக்கருவிகளில், நடுக்கடலில் ஒரு ‘பொய்த் தரை’ தெரிந்தது. ராத்திரியில் அந்தத் தரை மேலே வந்தது, பகலில் கீழே போனது. ஒலியைத் திருப்பி அனுப்பியது தரையல்ல, இந்த உயிர்க்கூட்டம்தான் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது நாகை விசைப்படகுகளில் ஒலியால் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் திரையிலும் சாயங்காலம் ஆனால் அதே மாதிரி ஒரு படலம் மேலேறுவதைப் பார்க்கலாம்.

சின்னச் சாவாளை இந்தக் கூட்டத்தின் பின்னாலேயே போகிறது. பகலில் கடலடிக்கு மேலே, நூறு மீட்டர் உயரம் வரைக்கும், நெருக்கமான கூட்டமாக நிற்கும். ராத்திரியானதும் மேல்நீருக்கு ஏறி, கூட்டத்தை அவிழ்த்துக்கொண்டு பரவலாக மேயும். அதன் இரை கிரில், கூனி, மீன்குஞ்சுகள். அவை எங்கே போகின்றனவோ அங்கே இதுவும் போகிறது. இதுவரை சிக்கல் இல்லை.

பெரிய சாவாளைதான் ஆச்சரியம். வளர்ந்த மீனுக்கு இரை மாறிவிடுகிறது. நெத்திலி, மத்தி, காரை, கணவாய் என்று பெரியதாகத் தேட ஆரம்பிக்கிறது. அத்தோடு நேரமும் தலைகீழாகிறது. பகலில் மேலே வந்து வேட்டையாடிவிட்டு ராத்திரி அடியில் இறங்கிவிடும். சின்னதும் பெரியதும் ஒரே தண்ணீர்த் தூணில் எதிரெதிர் ஷிஃப்ட் பார்க்கின்றன. ஏன் இப்படி என்பதற்கு இரை மாற்றம் ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கும் என்பது என் ஊகம்: சாவாளை சாவாளையைத் தின்னும். பெரிய மீனின் வயிற்றைக் கீறினால் உள்ளே தன் இனத்துக் குட்டியே கிடப்பது அரிதான காட்சி அல்ல. கிழக்காசியக் கடல்களில் தூண்டில்காரர்கள் சாவாளைத் துண்டையே இரையாகக் கோத்துச் சாவாளை பிடிக்கிறார்கள். இப்படிப்பட்ட சொந்தக்காரர்கள் இருக்கும்போது, அவர்கள் மேலே இருக்கும் நேரத்தில் கீழேயும் கீழே இருக்கும் நேரத்தில் மேலேயும் இருப்பது குட்டிக்கு நல்லதுதானே.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். ஏறி இறங்கும் இந்த நேர அட்டவணை ஆழம் தாராளமாக இருக்கும் இடத்துக்கு. நாகைக்கு எதிரே முப்பது, நாற்பது மீட்டர் தண்ணீரில் மேல் என்ன, அடி என்ன. அங்கே இரண்டு அளவு மீனும் கலந்துதான் கிடக்கும். திட்டின் விளிம்பை நெருங்க நெருங்கத்தான் பிரிவு தெளிவாகும்.

இந்த வாழ்க்கைக்கு உடம்பு எப்படித் தோதாக அமைந்திருக்கிறது என்று பார்த்தால், முதலில் சொல்ல வேண்டியது நிற்கும் விதம். ஓய்வாக இருக்கும்போது சாவாளை படுத்த நிலையில் நீந்துவதில்லை. தலை மேலே, வால் கீழே என்று செங்குத்தாக நிற்கும். முதுகுத் துடுப்பை மட்டும் அலையலையாக ஆட்டி அதே இடத்தில் தன்னைத் தாங்கிக்கொள்ளும். ஆழத்தில் வெளிச்சம் மேலிருந்து மட்டுமே வருகிறது. அண்ணாந்து நிற்கும் மீனுக்கு, தனக்கு மேலே போகிற நெத்திலிக் கூட்டம் அந்த வெளிச்சத்தில் கறுப்பு நிழலாகத் தெரியும். அப்புறம் பாய்ச்சல்தான். கீழிருந்து பார்க்கும் இன்னொரு பகை மீனுக்கோ, செங்குத்தாக நிற்கும் தட்டை உடம்பு கிட்டத்தட்ட ஒரு புள்ளி.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அந்தப் பளபளப்பு மறைத்துவிடுகிறது. தோலில் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. சுற்றியுள்ள நீரின் நிறத்தையே அவை திருப்பிக் காட்டுவதால் மீன் இருக்கும் இடம் தெரியாது. நம் கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் அந்த வெள்ளிப் பூச்சு அதுதான். ஜப்பானில் இதைச் சுரண்டியெடுத்துச் செயற்கை முத்துக்கு மெருகு பூசப் பயன்படுத்தியிருக்கிறார்கள். செதில் இல்லாததால் பூச்சு சீக்கிரம் உரியும். உரிந்து சாம்பல் நிறமான சாவாளை என்றால் பல கை மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

பல்லைப் பற்றி, ஏலக்களத்தில் மீன் பிரிக்கும் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மேல்தாடையின் முன்பக்கத்தில் கோரைப்பல் போன்ற இரண்டு மூன்று ஜோடி நீளப்பற்கள். நுனியில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி. இரை ஒருமுறை மாட்டினால் கழன்று போகாது. செத்த மீனும் கையைக் கிழித்துவிடும். செவுள் வலையில் சாவாளை விழுந்தால் மீன் கிடைத்த சந்தோஷத்தில் பாதி, வலை அறுந்த கவலையில் போய்விடும்.

கூட்டமாக வாழும் வழக்கம் சின்ன வயதில்தான் வலுவாக இருக்கிறது. நெருக்கமான கூட்டத்தில் ஒவ்வொரு தனி மீனுக்கும் ஆபத்து குறைவு. சூரை, வஞ்சிரம், சுறா, ஓங்கில் என்று சாவாளையைத் தின்ன ஒரு பட்டாளமே இருக்கிறது. வளர வளரக் கூட்டம் தளர்கிறது. இதில்தான் விசைப்படகின் பாடு அடங்கியிருக்கிறது: இழுவை வலையான மடியின் வழியில் ஒரு கூட்டம் குறுக்கிட்டால் டன் கணக்கில் பொடிசு, குறுக்கிடாவிட்டால் ஒன்றுமில்லை. பெரியது அப்படி வராது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேரும். அதனால்தான் பெரிய சாவாளைப் பெட்டியைப் பல நாள் தங்கித் தொழில் செய்யும் படகுகளில் அதிகம் பார்க்கிறோம்.

இனி வங்காள விரிகுடாவின் குணத்துக்கு வருகிறேன். இதை விட்டுவிட்டுச் சாவாளையை மட்டும் படித்தால் பாதிதான் புரியும். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் கொட்டும் நன்னீர், விரிகுடாவின் மேல் உப்புக் குறைந்த ஒரு மெல்லிய அடுக்காகப் பரவிக் கிடக்கிறது. கீழே உள்ள உப்புநீர் கனமானது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. அதனால் கீழே இருக்கும் சத்து மேலே வருவது குறைவு, மேலே இருக்கும் ஆக்சிஜன் கீழே போவதும் குறைவு. நூறு மீட்டருக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழம் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு மண்டலம் இருக்கிறது. அரபிக்கடலிலும் இப்படி ஒன்று உண்டு; ஆனால் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று நீரைக் கலக்கிச் சத்தை மேலே கொண்டுவருவதால் மேல்நீரில் உயிர்வளம் அதிகம். சாவாளைப் பிடிப்பில் குஜராத் முன்னால் நிற்பதற்கு அகலமான கண்டத்திட்டோடு அந்த வளமும் ஒரு காரணம்.

நம் பக்கத்தில் இதன் விளைவு என்ன? சாவாளையால் ஆழத்தில் இறங்க முடியும் என்றாலும், ஆக்சிஜன் இல்லாத நீரில் வேகமாக வேட்டையாட முடியாது. எனவே அதன் நடமாட்டம் அந்த மண்டலத்தின் மேல்விளிம்புக்கும் மேல்நீருக்கும் நடுவே நெருக்கப்படுகிறது. குறுகலான திட்டு, அதன் விளிம்பில் ஆக்சிஜன் குறைந்த நீர். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் பட்டையில்தான் டெல்டாவின் சாவாளை வாழ்கிறது. அந்தப் பட்டையும் ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்பதில்லை. பிப்ரவரி முதல் மே வரை கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும். அக்டோபரில் திரும்பி, டிசம்பர் வரை தெற்கு நோக்கி இறங்கும். வடக்கே பெரிய ஆறுகள் கொட்டிய உப்புக் குறைந்த நீரை நம் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. கொள்ளிடம் பெருக்கெடுத்தால் பழையாற்றுக்கு எதிரே கடல் பல கிலோமீட்டருக்குச் செம்மண் நிறமாகிவிடும்.

காவிரியைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்ல வேண்டும். பூம்புகாரில் கடலைத் தொடும் காவிரி, சாதாரண ஆண்டுகளில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். பாசனத்துக்குப் பிரிந்து பிரிந்து, மிச்சம் கடலுக்கு வருவது சொற்பம். வெள்ளநீரை ஏந்துவது கொள்ளிடம். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் கடலுக்கு வரும் வண்டலும் குறைந்துவிட்டது. ஆற்றுச் சத்து முகத்துவாரத்து நுண்ணுயிரை வளர்க்கும். அதைத் தின்னும் கூனி, நெத்திலி பெருகும். அவற்றைத் தின்னும் சாவாளைக் குட்டி கரையோரம் வரும். இந்தச் சங்கிலியில் ஆற்றின் பங்கு எவ்வளவு, கடல் நீரோட்டத்தின் பங்கு எவ்வளவு என்று தராசில் நிறுத்திக் காட்ட முடியாது. ஆனால் ‘தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று மேட்டூர் நிரம்பும்போதெல்லாம் எழுதுகிறவர்கள் நாகையின் மீனவர் ஊரான அக்கரைப்பேட்டையில் ஒரு வாரம் இருந்து பார்த்தால், அந்த ‘வீணாக’ என்ற சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுவார்கள்.

இனப்பெருக்கத்தில் சாவாளை அவசரப்படாத மீன். ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடாமல், தவணை தவணையாக நீண்ட காலத்துக்கு முட்டையிடும். முட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். உள்ளே ஒரு எண்ணெய்த் துளி, அதனால் மிதக்கும். சில நாளில் பொரித்து, குஞ்சுகள் நீரோட்டத்தோடு போகும். வளர்ச்சி வேகமானது.

தவணை முறையில் முட்டையிடுவதற்கும் தடைக்காலத்துக்கும் ஒரு பொருத்தமின்மை இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முன்பு இது 45 நாளாக இருந்தது. பல மீன்களுக்கு இது பெரிய ஆறுதல். மடி இழுக்காத இரண்டு மாதத்தில் கடலடியும் கொஞ்சம் மூச்சுவிடும். ஆனால் முட்டையிடும் காலம் பல மாதங்களுக்கு நீளும் மீனுக்கு இந்த வேலி பாதியைத்தான் சுற்றி வரும். ஜூன் 15-இல் படகுகள் ஒரே நேரத்தில் கிளம்பும்போது திட்டின் மேல் இருப்பது எது என்று யோசித்துப் பாருங்கள். முந்தைய மாதங்களில் பிறந்து வளர்ந்துகொண்டிருக்கும் பொடிசும் அதில் சேர்ந்துதான் இருக்கும்.

இந்த இடத்தில் சின்னதும் பெரியதும் ஏறி இறங்கும் நேர அட்டவணைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இழுவை மடி கடலடியை ஒட்டி இழுக்கப்படுவது. சாவாளைக்கென்று வாய் உயரமாகத் திறக்கும் மடிகளும் உண்டு. பகலில் அடிக்குச் சற்று மேலே கூட்டமாக நிற்பது யார்? பொடிசு. பெரியது அந்த நேரத்தில் மேலே வேட்டையில் இருக்கும். எனவே பகல் நேரத்து இழுவையில் குட்டி அதிகம் மாட்டுவதற்கான எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. மாறாக, தூண்டில் பெரியதைத்தான் தேர்ந்தெடுக்கும்; பொடிசால் அந்த இரையை விழுங்க முடியாது. ஃபைபர் படகுக்காரர் ஒருவர் தூண்டிலில் கொண்டுவரும் நாலு சாவாளை, வெள்ளிப் பூச்சு உரியாமல், வால் நுனியோடு, முழு நீளத்துக்கு இருக்கும். மடியில் நசுங்கி வருவதற்கும் அதற்கும் விலையில் தெரியும் வித்தியாசம் நியாயமானதுதான்.

பொடிசுக்கு நம் பக்கத்தில் மதிப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தட்டை உடம்பு, செதிலற்ற தோல். இரண்டும் சேர்ந்து வெயிலில் சீக்கிரம் காயும். தடித்த மீனைப் போலப் பிளந்து, முறித்து, நாள் கணக்கில் புரட்ட வேண்டியதில்லை. சாவாளைக் கருவாடு டெல்டாவின் உள்ளூர்ச் சந்தைகள் வரை போனதற்கு இந்த உடல்வாகு ஒரு முக்கியக் காரணம். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு வைத்த சாவாளைக் கருவாட்டுக் குழம்புக்கு முன்னால் பெரிய சாவாளை வறுவலெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். பெரியதை வெளிநாட்டுக்காரர்கள் அள்ளிக்கொள்கிறார்கள். சீனாவிலும் கொரியாவிலும் இது வீட்டுச் சமையல் மீன். உலகம் முழுக்க ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் பிடிபடும் மீன்களின் வரிசையில் சாவாளையும் ஒன்று. அதில் பெரும்பங்கு சீனாவுடையது.

குட்டி மீன் பிடிப்பைக் கட்டுப்படுத்த ஒரு வழி, பிடிக்கலாம் என்ற குறைந்தபட்ச அளவை அரசே அறிவிப்பது. கேரளம் 2015-இல் 14 இனங்களுக்கு இப்படி அளவு வைத்தபோது சாவாளைக்கு 46 செ.மீ. என்று வைத்தது. யோசனை சரியானது, மீன் முதிர்ச்சியடையத் தொடங்கும் அளவை ஒட்டித்தான் இப்படி வரையறுப்பார்கள். ஆனால் சாவாளை விஷயத்தில் அளவுகோலைப் பிடிக்கிறவருக்கு ஒரு தொல்லை. 46 செ.மீ. என்பது மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை. வாலோ நூல். மடியில் முறியும், பெட்டியில் முறியும், கடலிலேயே இன்னொரு சாவாளை கடித்துத் துண்டித்திருக்கும். 50 செ.மீ. மீன் வால் போய் 44 ஆகக் கிடந்தால் அது சட்டப்படி குட்டியா? இதனால்தான் சாவாளையை ஆராய்கிறவர்கள் பலர் முழு நீளத்தை நம்புவதில்லை. மூக்கு நுனியிலிருந்து ஆசனவாய் வரை மட்டும் அளந்துகொள்கிறார்கள். அந்தப் பகுதி முறிவதில்லை. தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் சாவாளைக்கு அளவு பார்ப்பதென்றால், அளக்க வேண்டியது அங்கேதான்.